நானூற்றுப் பத்து கிராம்

டிசம்பர் 28, ஞாயிறு

காலையில் பல்லடம் வரை போய் வந்தேன். ஐம்பத்தாறு கிலோமீட்டர். வலது முழங்கால் பேச ஆரம்பித்திருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில் அது பேசாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மாலையில் ஜெரால்டு வந்தான். எங்கள் சைக்கிள் குழுவின் செயலாளர். வங்கியில் வேலை, யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாதவன். "அண்ணா, இந்த வருசம் புதுசா ஆறு பேரு வர்றாங்க. என்ன கொண்டாரணும், என்ன போட்டுக்கணும்னு நீங்களே ஒரு நோட்டீஸ் எழுதிக் குடுத்திருங்க" என்றான். கோவையிலிருந்து ராமேஸ்வரம், மூன்று நாள். ஜனவரி 24 சனிக்கிழமை கிளம்புகிறோம். எட்டு வருடமாகப் போகிறோம். போன வருடம் மட்டும் முதல் நாளே திரும்பினோம்.

பழைய நோட்டீஸ் இருக்கிறதே என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அதக் கொஞ்சம் மாத்தி எழுதலாம்ணா" என்றான். எதை மாற்ற வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

நோட்டீஸ் எழுதினேன்.

பஞ்சு வைத்துத் தைத்த அரைக்கால்சட்டை இரண்டு. அதற்குள் உள்ளாடை அணியக் கூடாது. இதை எழுத்தில் போட்டே ஆக வேண்டும். கூச்சப்பட்டு நான் சொல்லாமல் விட்டதால் முதல் வருடம் ஒரு பொறியாளர் மானாமதுரைக் கடைவீதியில் காலை அகட்டி அகட்டி நடந்தார். பருத்திச் சட்டை வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டுக் கனக்கும். வெயிலுக்குக் கையுறையும் முழங்கைவரை ஏறும் துணி உறையும் வேண்டும். தலைக்கவசம் இல்லாதவர் வாசலிலேயே திரும்பிப் போகலாம். துண்டு வேண்டாம், ஒரு லுங்கி போதும்: துடைக்க, உடை மாற்ற, மதியம் புளியமரத்தடியில் விரித்துப் படுக்க. மாற்று ட்யூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டிவிடவும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்; எதிர்காற்றில் நூறு கிலோமீட்டர் மிதித்த பிறகு சிரிக்க முடிகிறதா என்று பார்க்கலாம்.

மொத்தம் நாலு கிலோ. ஒரு கிராம் மிஞ்சக் கூடாது. முப்பத்தொரு வருடம் பம்பு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். அளவில் மிஞ்சினால் அது எவ்வளவு பளபளத்தாலும் ரிஜெக்ட். கிளம்புவதற்கு முந்தைய மாலை எல்லோரும் என் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். எந்த ஊர் தாண்டி எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர் என்று ஆளுக்கொரு வழிச்சீட்டு, மேலே பெயரும் தேதியும் போட்டு என் கையாலேயே எழுதிக் கொடுப்பேன். பிறகு ஒவ்வொரு பையாகக் கொக்கித் தராசில் மாட்டித் தூக்குவேன். மிஞ்சினால் பையைத் திறந்து வேண்டாததை நானே எடுத்து, பெயரும் எடையும் எழுதி ஒட்டி, அட்டைப்பெட்டியில் போடுவேன். ரிஜெக்ட் பெட்டி என்றுதான் பெயர். ஊர் திரும்பியதும் அவரவர் எடுத்துக்கொள்ளலாம்.

பழைய நோட்டீஸின் கடைசி வரி: 'தின்பண்டம் வேண்டாம். வழியெல்லாம் கடை இருக்கிறது.' அதை அப்படியே வைத்தேன்.

ரங்கநாயகி வாங்கிப் படித்தாள். "கடேசி வரிய அடிச்சிருங்க" என்றாள்.

"ஏன்?"

"ஏனா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். என்னோடு முப்பது வருடம் குடித்தனம் செய்ததில் வாதாடுவது வீண் என்று கற்றுக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரி 1, வியாழன்

நாற்பது கிலோமீட்டர். எதிர்காற்று. புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல யாரும் கூப்பிடவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

சூலூர் போனேன், தங்கை வீட்டுக்கு. துளசிமணி என்னைவிடப் பத்து வயது இளையவள். மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். வீட்டில் இவள் மட்டும்.

இவள் கணவன் குழந்தைவேலுதான் போன ஜனவரியில் எங்களோடு வந்து இறந்தவன். அதைப் பற்றி நான் இந்த நோட்டில் எழுதியதில்லை. எழுத என்ன இருக்கிறது? அவனுக்குச் சர்க்கரை வியாதி, ஊசி போட்டுக்கொள்ளும் அளவுக்கு. அதை ஒருவரிடமும் சொல்லாமல் வந்தான். முதல் நாள் தாராபுரத்தில் சாப்பிட்டுக் கிளம்பியதும் பின்தங்கினான். பின்தங்குகிறவருக்காக நிற்பதில்லை என்பது எங்கள் வழக்கம். சர்க்கரை இறங்கி மயங்கி, வண்டியோடு ஒரு சின்னப் பாலத்துக்குக் கீழே விழுந்திருக்கிறான். ஆடு மேய்த்த அம்மாள் ஒருத்தி பார்த்துச் சத்தம் போட்டபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தலையில் அடி. பையில் அவசரத்துக்கு வாயில் போட ஒரு மிட்டாய்கூட இல்லை. நான் எழுதிக் கொடுத்த வழிச்சீட்டையும் எங்கோ தொலைத்திருந்தான். செத்தவனைக் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது.

துளசியின் அடுப்படி தலைகீழாகக் கிடந்தது. பாத்திரமெல்லாம் தரையில்.

"என்ன கண்ணு, பொங்கலுக்குச் சுத்தம் பண்றயா?"

"எங்களுக்கு என்னுங் பொங்கலு. வருசம் திரும்பலயே. டப்பாவத் தேடறனுங்ணா."

"எந்த டப்பா?"

"அவருக்குக் கடலை உருண்டை போட்டுக் குடுத்துவிட்ட டப்பாதானுங். பையில வெச்சேன்னுதான் நெனப்பு. ஆனா ஆஸ்பத்திரியில குடுத்த பையில அது இல்லீங்ளே. அப்ப நான் வெக்கல. வெக்கலைன்னா வூட்டுலதான இருக்கோணும்? பரண், பீரோ, அரிசி மூட்டைச் சந்து, ஒண்ணு விடல. வருசம் பூராத் தேடறேன்."

"விடு கண்ணு. ஒரு டப்பாதான."

"டப்பாவுக்காவத் தேடலீங்ணா. அது வூட்டுல கெடைக்காத வரைக்கும், நான் வெச்சுத்தான் அனுப்பிச்சேன்னு மனசத் தேத்திக்கலாமுங். கெடைச்சுட்டா நாந்தான் மறந்திருக்கறேன். தேடறதுக்கும் பயமா இருக்குது, தேடாம உக்காரவும் முடியல."

ஆறுதல் சொன்னேன். "மறதி எல்லாருக்கும் வர்றதுதான். அதுக்காவ ஒடம்பக் கெடுத்துக்காத" என்றேன். தலையாட்டினாள். காப்பி கொடுத்தாள். சர்க்கரை போட்டிருக்கவில்லை. நான் கேட்காமல் குடித்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 6, செவ்வாய்

ஒருவரிடமும் சொல்லாமல் வந்தான் என்று ஞாயிற்றுக்கிழமை எழுதியிருக்கிறேன். எழுதியதை அடிப்பது என் தொழிலில் குற்றம். அதனால் கீழே எழுதுகிறேன்: எனக்குத் தெரியும்.

எடை போடும் நாள் காலை துளசி போன் செய்தாள். "அண்ணா, அவருக்குச் சுகருங். ரெண்டு வருசமா ஊசி போட்டுக்கறாரு. தெரிஞ்சா குரூப்புல சேத்த மாட்டீங்கன்னு மறைச்சு வெச்சிருக்கறாரு. உங்குளுக்கு மட்டும் சொல்றேன். பையில திங்கறதுக்குக் குடுத்துவிட்டிருக்கறேன். சித்த பாத்துக்குங்ணா."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

ஜனவரி 10, சனி

எழுபது கிலோமீட்டர். புதுக் கையுறை வாங்கினேன். என் பையை எடை போட்டுப் பார்த்தேன்: மூன்று கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது. லுங்கியை மெல்லியதாக மாற்றியது நல்லதாகப் போயிற்று.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பிரபாவதி என்று பெயர், பள்ளி ஆசிரியை. நோட்டீஸைப் படித்துவிட்டுப் போன் செய்தாள். "சார், குளுக்கோஸ் பாக்கெட் ஒண்ணு வெச்சுக்கலாங்ளா? நூறு கிராம்தானுங்."

"உங்க இஷ்டம்" என்றேன்.

எட்டு வருடத்தில் யாருக்கும் உங்கள் இஷ்டம் என்று நான் சொன்னதில்லை.

ஜனவரி 14, புதன். போகி

காலையிலிருந்து ரங்கநாயகி பரணைக் காலி செய்துகொண்டிருந்தாள். நான் வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

"இத என்ன பண்றதுங்க?"

போன வருடத்து ரிஜெக்ட் பெட்டி. பாதி பாட்டில் தலைக்கு வைக்கும் எண்ணெய், மடக்குக் குடை, யாரோ கொண்டுவந்த தலையணை. திரும்பி வந்து எடுத்துக்கொள்ள ஒருவரும் வரவில்லை. பிணத்தோடு திரும்பிய பிறகு எவன் வந்து குடையைக் கேட்பான்?

அடியில் இருந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். பெயர் வெட்டியிருந்தது. துளசியின் கல்யாணச் சீர்ப் பாத்திரத்துக்கெல்லாம் நான்தான் பெயர் வெட்டக் கொடுத்தேன். இந்த டப்பாவுக்கும்.

"அவ வருசமாத் தேடறது இதைத்தானுங்ளா?"

நான் துணியில் கையைத் துடைத்தேன்.

"இங்க இருக்கறது உங்குளுக்குத் தெரியுமா?"

"பரண்ல ஆயிரம் கெடக்குது" என்றேன்.

டப்பாவை என் மேசை நடுவில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் எடுத்துக்கொண்டு வாசலில் காப்புக் கட்டப் போய்விட்டாள். கட்டி முடித்துவிட்டு வந்து சொன்னாள். "அவகிட்டச் சொல்லீருங்க. நீங்க சொல்றீங்ளா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

எழுதிவிடுகிறேன். அன்றைக்குக் குழந்தைவேலுவின் பை நாலு கிலோ முன்னூற்று முப்பது. திறந்ததும் மேலேயே இந்த டப்பா இருந்தது. எடை போட்டேன், நானூற்றுப் பத்து. "மச்சான், அது இருக்கட்டுமே" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தின்பண்டம் மூட்டை கட்டீட்டுக் கல்யாணத்துக்கா வர்றே மாப்ள? வழியெல்லாம் கடை இருக்குது" என்றேன். பதினோரு பேரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவர்களுக்கு அது வெறும் கடலை உருண்டை. துளசி ஒரு வருடமாகத் தேடும் டப்பா இதுதான் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

சொந்த மாப்பிள்ளைக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டமா? ஊர் சிரிக்காதா?

அவன் மழைச்சட்டை முன்னூற்று ஐம்பது இருந்தது. அதை எடுத்திருந்தாலும் கணக்குச் சரியாகியிருக்கும். வானத்தில் மேகமே இல்லை. அதை ஏன் எடுக்கவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். என்னிடமே வியாதியை மறைத்தானே, இப்போது அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்து சொல்லட்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. சொல்லியிருந்தால் டப்பாவைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவன் சொல்லவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பானை பொங்கியது. ரங்கநாயகி என்னோடு பேசவில்லை.

ஜனவரி 17, சனி. காணும் பொங்கல்

அண்ணன் வெறும் கையோடு போகக் கூடாது. ஐந்து கிலோ அரிசி, வெல்லம், ஒரு சீப்பு நேந்திரம் வாங்கிக்கொண்டேன். டப்பாவில் ஒட்டியிருந்த 'கு.வே. – 410' சீட்டைத் தேங்காயெண்ணெய் தடவி உரித்தேன். எடை போட்டுப் பார்த்தேன். நானூற்று ஆறு. ஒரு வருடத்தில் காய்ந்திருக்கும். திறக்கவில்லை. திறந்து பார்க்க என்ன இருக்கிறது, கடலை உருண்டைதானே.

சொல்வதற்குத்தான் போனேன். வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

துளசி என்னை உட்கார வைத்துவிட்டு, மோருக்குத் தயிர் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அடுப்படியில் நான் மட்டும். மேல் தட்டில் எட்டு லிட்டர் குக்கர் இருந்தது. தனியாளுக்கு எட்டு லிட்டர் குக்கர் எதற்கு? பல மாதமாக அதைத் தொட்டிருக்க மாட்டாள் என்று பட்டது. மூடியைத் திறந்து உள்ளே டப்பாவை வைத்து மூடினேன். மூடி பொருந்த மறுத்தது. இரண்டு தரம் திருப்ப வேண்டியிருந்தது.

அவளுடைய பொருள் அவள் வீட்டில் இருக்கிறது. இதில் தப்பு எங்கே வந்தது? ஒரு நாள் எடுப்பாள். தேடுவது நிற்கும். அழுதாலும் ஒரே தரம் அழுது தீர்த்துவிடுவாள். இன்னும் எத்தனை வருடம் அவள் பரணேறி இறங்க வேண்டும்?

மோர் நன்றாக இருந்தது. வருகிறபோது, "எங்கெங்க பாத்தே? பெரிய பாத்தரத்துக்குள்ள எல்லாம் பாத்தியா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் ரங்கநாயகி வாசலிலேயே நின்றிருந்தாள். "சொல்லிட்டீங்ளா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"என்ன சொல்லுவா. அழுதா."

மூன்று நாள் கழித்து இன்றைக்குத்தான் எனக்குத் தட்டில் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

ஜனவரி 19, திங்கள்

துளசி போன் செய்தாள். "டப்பா கெடச்சுருச்சுங்ணா."

"எங்க இருந்துது?"

"குக்கருக்குள்ளீங்."

அழவில்லை. அழுவாள் என்று நினைத்து நான் தொண்டையைச் செருமி வைத்திருந்தேன். "விடு கண்ணு. நான் அன்னைக்கே சொன்னேன், மறதி எல்லாருக்கும் வர்றதுதான்" என்றேன்.

"ஆமாங்ணா, சொன்னீங்." பிறகு கேட்டாள். "எடை போடறது வெள்ளிக்கெழமை பொழுதோடதானுங்ளே?"

"ஆமா. ஏங்கண்ணு?"

"எத்தன பேருங் போறீங்?"

"பதினாலு."

"உங்களையும் சேத்துங்ளா?"

"என்னையும் சேத்துத்தான்."

சரி என்று வைத்துவிட்டாள். மனசு ஆறி வருகிறாள் போலிருக்கிறது. இன்றைக்கு முழங்கால் வலிகூடக் குறைந்திருக்கிறது.

ஜனவரி 21, புதன்

பதினான்கு வழிச்சீட்டும் எழுதி முடித்தேன். சங்கிலி மாற்றினேன். தராசுக்குப் புது பேட்டரி.

ஜனவரி 23, வெள்ளி

ஐந்து மணிக்குப் போர்ட்டிகோவில் கொக்கியை மாட்டினேன். எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். ஐந்து பை முடிந்திருந்தது. ஒருவனிடமிருந்து ஒரு ஜோடி செருப்பை எடுத்திருந்தேன். அப்போது ஆட்டோ வந்து நின்றது.

துளசி இறங்கினாள். கையில் பெரிய துணிப்பை. கணவன் போன பிறகு சொந்தக்காரர் வீடு எதற்கும் வராதவள். ரங்கநாயகி ஓடிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் வந்து அத்தனையும் சொன்னப்பறமும் எங்க வூட்டுப் படி ஏறினே பாரு, பெரிய மனசு கண்ணு உனக்கு."

"அண்ணன் என்னுங் சொன்னாரு, அண்ணி?" என்றாள் துளசி.

ரங்கநாயகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிடித்திருந்த கையை விட்டாள்.

துளசி அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. துணிப்பையைத் திறந்தாள். பாக்கெட் பாக்கெட்டாகக் கடலை உருண்டை. "அல்லாரும் ஆளுக்கொண்ணு பையில வெச்சுக்குங்க. எடை போட வேண்டாமுங்" என்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டே வந்தாள். ஜெரால்டு இரண்டு கையாலும் வாங்கினான். அவன் என் பக்கம் திரும்பவில்லை. எடை முடிந்த பைகளைத் திறந்து அவர்கள் உள்ளே வைத்தார்கள். யாரும் என்னிடம் கேட்கவில்லை. பதின்மூன்று பாக்கெட். துணிப்பையை உதறி மடித்தாள்.

பிரபாவதிதான் ஒன்றும் தெரியாமல் கேட்டாள். "அக்கா, சாருக்கு?"

"அண்ணனுக்கு எதுக்குங்? வழியெல்லாம் கடை இருக்குதுங்ளே."

குரலை உயர்த்தவில்லை. போன வருடம் அதே இடத்தில் அதே சொல்லுக்குச் சிரித்தவர்கள் இன்றைக்கு அவரவர் பையைப் பார்த்தார்கள். வாசல் வரை அவள் பின்னால் போனேன். ஆட்டோ காத்திருந்தது.

"அந்தக் குக்கருக்குள்ள நான் மூணு தடவ பாத்திருக்கறனுங்ணா" என்றாள்.

நான் கேட்டுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன்.

"கொண்டாந்து வெக்கறதுக்கு முந்தி ஒருக்கா தெறந்து பாத்திருக்கலாமுங்."

முந்தானையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். நாலாக மடித்தது, எண்ணெய் ஊறி, காறல் வாடை அடித்தது. வழிச்சீட்டு. மேலே 'குழந்தைவேலு' என்று என் கையெழுத்து, போன வருடத்துத் தேதி. இந்தப் போர்ட்டிகோவில் வைத்துத்தான் அதை அவனிடம் கொடுத்தேன். அவன் அதை மடித்து டப்பாவில் போட்டிருக்கிறான். பிறகுதான் நான் பையைத் திறந்து டப்பாவை எடுத்திருக்கிறேன். தொலைத்துவிட்டான் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒரு வரிக்கு அவன் பென்சிலால் கோடு போட்டிருந்தான். 'தாராபுரம் தாண்டி உள்வழி. 22 கி.மீ. கடை இல்லை. தண்ணீர் நிரப்பிக்கொள்ளவும்.'

அதுவும் என் கையெழுத்துத்தான். லாரித் தொல்லை இருக்காது என்று அந்த வழியைப் பிடித்தவனும் நான்தான்.

"கடை இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கறீங். அங்க போறப்பத் திங்கோணும்னுதான் இதையும் அதுக்குள்ள வெச்சிருக்கறாருங்" என்றாள். "அன்னைக்கு நீங்க என்னுங் சொன்னீங்கன்னு ஜெரால்டு தம்பியக் கேட்டேன். அல்லாஞ் சொல்லிருச்சு."

"துளசி, நான் வந்து..."

"அன்னைக்கு டப்பாவ எடுத்ததையாச்சும் உங்க புத்தின்னு உட்டுறலாமுங். நான் ஒரு வருசம் செவுத்துல முட்டிக்கறேன், நீங்க எதுத்தாப்பல உக்காந்து காப்பி குடிக்கறீங். அப்பறம் டப்பாவக் கொண்டாந்து என்ற அடுப்படியிலயே வெக்கறீங். நாந்தான் கொன்னேன்னு நான் நம்போணும்னு. இது எதுலீங்ணா சேரும்?"

பதிலுக்கு நிற்கவில்லை. ஆட்டோ போய்விட்டது. திரும்பி வந்தபோது ஜெரால்டு தராசைக் கழற்றித் திண்டில் வைத்திருந்தான். மீதி எட்டுப் பையை யாரும் எடை போடவில்லை. ரங்கநாயகி உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருந்தாள்.

ஜனவரி 24, சனி. ஒட்டன்சத்திரம் லாட்ஜ்

இந்த நோட்டு நூற்று எண்பது கிராம். ஒவ்வொரு வருடமும் வீட்டில் விட்டுவிட்டு வருவேன். இந்த வருடம் எடுத்து வந்திருக்கிறேன். என் பை நாலு கிலோ நூற்று முப்பது.

காலையில் வராதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது ரங்கநாயகி எழுந்து வரவில்லை. நடு வரிசையில் மிதித்தேன். முன்னால் போகிறவர்கள் நான் நெருங்கினால் வேகம் பிடித்தார்கள், பின்னால் வருகிறவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள்.

இன்னும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. இதை ஜெரால்டு அவளிடம் சொல்லியிருக்க முடியாது. அப்போது அங்கே நாங்கள் இருவர்தான்.

தாராபுரத்தில் மெஸ்ஸில் குழந்தைவேலு கைகழுவும் இடத்துக்குப் பின்னால் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன். அவன் இரண்டாவது கரண்டி சோறு வாங்குவதற்குள் விசில் அடித்தேன். திட்டத்தைவிட இருபத்தைந்து நிமிடம் பின்தங்கியிருந்தோம். சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்தான். வெளியே வந்ததும் எதிரில் ஒரு பேக்கரி. "மச்சான், ஒரு நிமிசம்" என்று அந்தப் பக்கம் கையைக் காட்டினான். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். "ஒரு நிமிசம் ஒரு நிமிசம்னே பொழுது போயிரும். வழியெல்லாம் கடை இருக்குது, வா மாப்ள" என்றேன். அவன் வந்தான். அவன் என் பேச்சைத் தட்டியதே இல்லை.

இன்றைக்கு அதே மெஸ். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மற்றவர்கள் கிளம்பட்டும் என்று நின்றேன். கிளம்பினார்கள். ரோட்டைத் தாண்டிப் பேக்கரிக்குப் போனேன். கடலை மிட்டாய் ஒரு பாக்கெட் கேட்டேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். காசு கொடுத்தேன், சில்லறை வாங்கினேன், பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன், வண்டி ஏறினேன்.

கடிகாரத்தில் பார்த்தேன். நாற்பது விநாடி ஆகியிருந்தது.